கொரியர்களோடு உட்கார்ந்து குளிர்கால விளையாட்டு பார்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கொரியாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம் ஆட்கள் பலர் பனியை நேரில் பார்ப்பதே இங்கு வந்த பிறகுதான். அந்தப் பனியில் நடக்கும் போட்டிக்காக ஆய்வகமே ஒரு திரை முன் கூடும், வருடம் முழுக்க அதிர்ந்து பேசாத துறைத் தலைவர் எழுந்து நின்று கத்துவார் என்றெல்லாம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்களுக்கு ரசிகர் வெறி புதிதல்ல. ஆனால் ஆட்டமும் தெரியாமல் மொழியும் அரைகுறையாக, எல்லாரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்து எத்தனை நேரம் ஓட்டுவது?

இந்த விஷயத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் கோஷங்களைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். கோஷம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். கொரிய ரசிகருக்கு எங்கே வலிக்கும் என்பது தெரிய நாளாகும். ஆனால் அது தெரிந்தால்தான் அவர் பக்கத்தில் உட்கார முடியும். அதனால் கோஷத்தைப் பின்னால் தள்ளிவிட்டேன்.

1. ஷார்ட் டிராக்கில் தொடங்குங்கள்

குளிர்கால ஒலிம்பிக்கில் ஏகப்பட்ட பிரிவுகள். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் பிடிக்கப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. கொரியா குளிர்காலத்தில் வாங்கிய தங்கங்களில் பெரும்பகுதி ஷார்ட் டிராக் என்ற ஒரே விளையாட்டில் வந்தது. பிளேடு காலணியோடு பனித்தளத்தின் சின்ன வட்டத் தடத்தைச் சுற்றி விரையும் பந்தயம் அது. 1992-இல் ஆல்பர்வில்லில் அது முழுப் பதக்கப் போட்டியானபோதே கிம் கி-ஹூன் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் கொரியாவின் முதல் தங்கம் அதுதான்.

விதி எளிது. ஒரு சுற்று 111.12 மீட்டர். 500 மீட்டர் என்றால் நாலரைச் சுற்று, 1000 மீட்டர் ஒன்பது, 1500 மீட்டர் பதின்மூன்றரை. தனித்தனி லேன் கிடையாது. எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்பது இரண்டாம்பட்சம், யார் முதலில் கோட்டைத் தொட்டார் என்பதே கணக்கு. அதனால் 1500 மீட்டரில் முதல் சில சுற்றுகள் தேர் நகர்வது போல நகரும். தண்ணீர் குடிக்க, கதவைத் திறந்து சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க அதுதான் நேரம். கடைசி ஐந்து சுற்றுக்குள் திரும்பி வந்துவிடுங்கள்.

கொரிய வீரர் பின்னால் கிடக்கிறாரே என்று அந்த நேரத்தில் பதற வேண்டாம். முன்னால் போகிறவர்தான் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். அந்த வேலையை மற்றவரிடம் விட்டுவிட்டு, மூன்று நான்கு சுற்று மிச்சமிருக்கும்போது வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து முந்துவது கொரியர்களின் பழைய பாணி. வெளிவட்டம் என்றால் கூடுதல் தூரம், கூடுதல் வேகம், அதற்கேற்ற கால் வலு. 2018-இல் சோய் மின்-ஜொங் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய பந்தயத்தைத் தேடிப் பாருங்கள். விளக்கமே தேவைப்படாது.

கண்ணை எங்கே வைப்பது? வளைவில் இடது கையைப் பாருங்கள். உடல் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும். கையுறையின் விரல் நுனிகளில் கெட்டியான குமிழ்கள் ஒட்டியிருக்கும், அவை பனியில் வழுக்கிக்கொண்டே போகும். துணி நேராகப் பட்டால் பனியில் சிக்கி ஆளைக் கவிழ்த்துவிடும். கடைசிக் கோட்டில் பார்வையைக் காலுக்கு மாற்றுங்கள். தலையோ மார்போ அல்ல, பிளேடின் முனை எப்போது கோட்டைத் தொடுகிறது என்பதுதான் முடிவு. 1998-இல் நகானோவில் 1000 மீட்டர் இறுதியில் சீனாவின் லி ஜியாஜுன் ஜெயித்துவிட்டார் என்று பார்த்தவர்கள் நினைத்த கணத்தில், கிம் தொங்-சொங் காலை முன்னே தள்ளித் தங்கத்தைப் பறித்தார். கோட்டருகே கொரியர்கள் எல்லாரும் தாங்களும் ஒரு காலை மேசைக்கடியில் நீட்டுவதைப் பார்ப்பீர்கள். நானும் இப்போது நீட்டுகிறேன்.

தொடர் ஓட்டம் தனி ரகம். பெண்களுக்கு 3000 மீட்டர், ஆண்களுக்கு 5000. ஆண்கள் பந்தயத்தில் 45 சுற்று. கோலைக் கைமாற்றுவதெல்லாம் இல்லை. முடித்தவர் அடுத்தவரின் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிவிடுவார். கடைசி இரண்டு சுற்றை ஒருவரே ஓட வேண்டும். 2018-இல் கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த ஒலிம்பிக்கில் பெண்கள் அரையிறுதியில் ஆரம்பத்திலேயே லீ யு-பின் விழுந்தார். மற்ற அணிகள் பாதிச் சுற்றுக்கு மேல் போய்விட்டன. விழுந்த அணி துரத்திப் பிடித்து, முதலிடம் வந்து, ஒலிம்பிக் சாதனை நேரமும் வைத்தது. 'நாங்கள் விழுந்தாலும் ஜெயிப்போம்' என்று இன்றும் கொரியர்கள் மார்தட்ட எடுத்துப் போடும் காணொளி அது.

இதில் ராணுவக் கணக்கும் கலந்திருக்கிறது. கொரிய ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். ஒலிம்பிக்கில் மூன்று பதக்கங்களில் எது கிடைத்தாலும், ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தாலும், அடிப்படைப் பயிற்சி மட்டும் முடித்துவிட்டுத் தம் விளையாட்டிலேயே தொடரலாம். மூன்றாவதா நான்காவதா என்பது இருபது வயதுப் பையனுக்கு ஒன்றரை வருட வாழ்க்கை. பக்கத்தில் இருக்கும் ஆண்களில் பெரும்பாலோர் அந்த சேவையை முடித்தவர்கள். வெண்கலத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள்.

2. பெனால்ட்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

மொத்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பந்தயம் முடிந்த மறுகணம் முடிவு வராது. ரெஃப்ரி திரை முன் குனிந்து, நடந்ததை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார். அவர் தேடுவது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள். ஒன்று, முந்துகிறவர் சுத்தமாக முந்தினாரா? முன்னால் இருப்பவருக்கு அவர் போகும் பாதையில் உரிமை உண்டு, மோதல் வந்தால் பொறுப்பு பெரும்பாலும் முந்த வந்தவர் தலையில் விழும். இரண்டு, முன்னால் இருப்பவர் வேண்டுமென்றே பாதை மாற்றிப் பின்னால் வருபவரை மறித்தாரா? இவை போக, கையால் தள்ளுவது, கோட்டருகே காலை உதைத்துத் தூக்குவது எல்லாம் குற்றம். குற்றம் உறுதியானால் அந்தப் பந்தயத்தில் அவருக்கு இடமே கிடையாது. பாதிக்கப்பட்டவரைப் போட்டியின் அடுத்த கட்டத்துக்கு ஏற்றிவிடவும் செய்யலாம்.

அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் அறையைப் பாருங்கள். பாதி கடித்த கோழித்துண்டு தட்டுக்குத் திரும்பும். யாராவது 'செபால், செபால்' என்று முணுமுணுப்பார், தயவுசெய்து என்று பொருள். வர்ணனையாளர்களில் ஒருவராவது பெரும்பாலும் முன்னாள் வீரர். ஒவ்வொரு மறுஒளிபரப்புக்கும் குரலை ஏற்றி, 'நம் ஆள் மேல் தப்பில்லை' என்று நீதிமன்றத்தில் வாதாடுவது மாதிரி வாதாடுவார்கள். 'சில்க்யொக்' என்ற சொல் காதில் விழுந்தால் தகுதி நீக்கம். அதைச் சொன்ன வேகத்தில் அறை இறுகிவிடும்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்? தீர்ப்பு சொல்லாமல் இருக்க வேண்டும். மறுஒளிபரப்பில் கொரிய வீரரின் கை நீள்வது உங்களுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், "கை பட்ட மாதிரித்தானே இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். யாராவது உங்கள் கருத்தைக் கேட்டால், 'மொரூகெஸ்ஸொயோ', தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். பொய்யும் இல்லை, பகையும் இல்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது விதியைப் பற்றிக் கேளுங்கள். இரவு உங்களை முறைத்திருக்கக்கூடிய அதே ஆள், கைத்துடைப்பானைத் தடமாக மடித்து, சாப்ஸ்டிக்குகளை வீரர்களாக வைத்து, யார் தப்பு என்று நியாயமாகவே விளக்குவார். விதி தெரிந்த ரசிகர்கள் இவர்கள். சூடு ஆறியபின் நேர்மையாகவும் பேசுவார்கள்.

3. ஆறாத காயங்களை அறிந்துகொள்ளுங்கள்

2002, சால்ட் லேக் சிட்டி. 1500 மீட்டர் இறுதியில் முதலில் கோட்டைக் கடந்தவர் கிம் தொங்-சொங். பின்னால் வந்த அமெரிக்கர் அப்போலோ ஓனோ, வழி மறிக்கப்பட்டது போல இரு கைகளையும் உயர்த்தினார். ரெஃப்ரி கிம்மைத் தகுதி நீக்கினார், தங்கம் ஓனோவுக்குப் போனது. கொடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்திருந்த கிம் கைவிட்ட கொடி பனியில் விழுந்த படத்தை நாற்பது வயது தாண்டிய கொரியர் யாரும் மறக்கவில்லை. நான்கே மாதத்தில் கொரியாவில் கால்பந்து உலகக்கோப்பை. ஜூன் 10 அன்று தேகுவில் அமெரிக்காவுக்கு எதிராகக் கோல் அடித்த ஆன் ஜொங்-ஹ்வான் ஓடிப்போய்ப் பனிச்சறுக்கு வீரர் போல ஆடிக் காட்டினார், பின்னால் வந்த சக வீரர் ஓனோ போலக் கையை உயர்த்தினார். மைதானம் முழுக்க அர்த்தம் புரிந்தது.

2014, சோச்சி. பனியில் இசைக்கேற்ப ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் கிம் யு-நா பிழையில்லாமல் ஆடியும் வெள்ளி. 219.11 புள்ளி. ரஷ்யாவின் அதெலினா சொத்னிகோவாவுக்கு 224.59. நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்டு இணைய மனுவில் கையெழுத்துகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. இதைப் பற்றிக் கொரியர்களிடம் நடுநிலையாகப் பேசலாம் என்ற எண்ணமே வேண்டாம். நான்கு வருடம் முன்பு வான்கூவரில் 228.56 என்ற அன்றைய உலக சாதனையோடு தங்கம் வாங்கியவர் அவர். பியோங்சாங்கில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவரும் அவரே. இந்த நாட்டில் அவருக்கு எதிராக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அதே சோச்சியில் இன்னொரு வலி, இது உள்ளூர் வலி. 2006-இல் டூரினில் மூன்று தங்கம் வாங்கிய ஆன் ஹ்யொன்-சு, காயம், ஸ்கேட்டிங் சங்க அரசியல் எல்லாம் சேர்ந்து ஒதுக்கப்பட்டு, 2011-இல் ரஷ்யக் குடியுரிமை பெற்று விக்டர் ஆன் ஆனார். சோச்சியில் ரஷ்யாவுக்காக மூன்று தங்கம். அந்த முறை கொரிய ஆண்கள் ஷார்ட் டிராக் அணிக்கு ஒரு பதக்கமும் இல்லை. ரசிகர்களின் கோபம் ஆன் மேல் போகாமல் சங்கத்தின் மேல் போனது. தம் விளையாட்டு அமைப்புகளை இவர்கள் நம்புவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2022, பெய்ஜிங். 1000 மீட்டர் அரையிறுதியில் ஹ்வாங் தே-ஹொன், லீ ஜுன்-சொ இருவரும் தகுதி நீக்கம். அவர்களுக்குப் பதிலாக முன்னேறியவர்கள் சீனர்கள். நாடே கொதித்தது. இரண்டு நாள் கழித்து 1500 மீட்டர் இறுதி, பத்துப் பேர் நெருக்கும் பந்தயம். ஹ்வாங் பாதி வழியிலேயே முன்னால் போய், யார் கையும் தொட முடியாத இடத்தில் கடைசிவரை நின்று தங்கம் வாங்கினார். பின்னால் காத்திருக்கும் பழைய பாணியைத் தூக்கிப் போட்ட பந்தயம் அது.

இந்தக் கதையில் கொரிய ரசிகர்கள் மட்டுமே பாதிக்கப்பட்டவர்கள் இல்லை. 2018-இல் 500 மீட்டர் இறுதியில் சோய் மின்-ஜொங் தகுதி இழக்க, வெண்கலம் பெற்ற கனடாவின் கிம் பூட்டான் சமூக வலைத்தளங்களில் வசைமழையில் நனைந்தார், அவருக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் நிலை வந்தது. அதே ஒலிம்பிக்கில் ஸ்பீடு ஸ்கேட்டிங் குழுப் பந்தயத்தில் தங்கள் நாட்டு அணியின் பெண்கள் மேலேயே, ஒருவரைப் பின்னால் விட்டுவிட்டு ஓடினார்கள் என்று இலட்சக்கணக்கான கையெழுத்துகளோடு பாய்ந்தார்கள். நம் ஊரில் உலகக்கோப்பை தோற்றபின் வீரர்கள் வீட்டுக்குக் கல் விழுந்ததைப் பார்த்தவர்கள் நாம், பெரிதாகப் பேச வாய் இல்லை. ஆனாலும் உங்கள் நண்பர் போனை எடுத்து வேகமாகத் தட்ட ஆரம்பித்தால், இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்துப் பேச்சை மாற்றுவது நல்ல காரியம்.

4. கடிகாரத்தையும் திரையையும் சரிசெய்யுங்கள்

ஐரோப்பாவில் போட்டி என்றால் கொரியா எட்டு மணி நேரம் முன்னே. மிலானில் காலை பத்து மணிப் போட்டி இங்கே மாலை ஆறு, வசதி. மிலானில் இரவு எட்டு மணி இறுதிப்போட்டி இங்கே விடிகாலை நாலு. பெய்ஜிங்கில் நடந்தபோது ஒரே மணி நேர வித்தியாசம். வான்கூவரில் நடந்தபோது கிம் யு-நா தங்கம் வாங்கிய ஆட்டம் கொரியாவில் வெள்ளிக்கிழமை மதியம், அலுவலக நேரம்.

ஒலிம்பிக் நாட்கள் அடிக்கடி கொரியப் புத்தாண்டான சொல்லாலோடு மோதும். 2018-இல் பிப்ரவரி 16 சொல்லால், அன்று காலைதான் யுன் சொங்-பின், சின்னச் சறுக்குவண்டியில் குப்புறப் படுத்துப் பனிப்பாதையில் இறங்கும் ஸ்கெலிட்டனில் 1.63 விநாடி வித்தியாசத்தில் தங்கம் வாங்கினார். ஸ்கெலிட்டனில் அது மலையளவு இடைவெளி. முன்னோருக்குப் படையல் முடித்துக் குடும்பமே டீவி முன் உட்கார்ந்த நேரம், இரும்பு மனிதன் தலைக்கவசத்தோடு ஒருவர் தலைகுப்புறச் சறுக்கி வந்து தரையில் விழுந்து வணங்கினார். 2010 சொல்லாலில் கதை வேறு. ஷார்ட் டிராக் 1500 மீட்டர் இறுதியில் முதல் மூன்று இடத்திலும் கொரியர்கள். கடைசி வளைவில் இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே மோதி விழ, தங்கம் மட்டும் மிஞ்சியது. யாராவது உங்களைச் சொல்லாலுக்கு வீட்டுக்கு அழைத்தால் போய்விடுங்கள். தாத்தா பாட்டியோடு பார்க்கும் வாய்ப்பு வேறு எப்போதும் வராது.

ஒளிபரப்பு விஷயத்தில் ஒரு மாற்றம். முன்பெல்லாம் கேபிஎஸ், எம்பிசி, எஸ்பிஎஸ் மூன்றும் ஒரே பந்தயத்தைப் போட்டி போட்டுக் காட்டும். 2026 முதல் 2032 வரையான ஒலிம்பிக் உரிமையை ஜேடிபிசி என்ற இன்னொரு சேனல் வாங்கிவிட்டது. ஆண்டுதோறும் நடக்கும் உலகச் சுற்றுப் போட்டிகள் வேறு சேனல்களில் வரும், அதை நேவர் என்ற கொரியத் தேடுதளத்தில் தேடினால் கிடைக்கும். கொரிய எழுத்துகளை மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டுவிடுங்கள், ஒரு வார வேலை. 'க்யொல்சுங்' இறுதி, 'சுன்க்யொல்சுங்' அரையிறுதி, 'கும்மேதல்' தங்கம், 'உன்மேதல்' வெள்ளி, 'தொங்மேதல்' வெண்கலம். இந்த ஐந்து சொல் தெரிந்தால் அட்டவணையைப் படித்துவிடலாம்.

இன்னொன்று, போனில் பார்த்தால் படம் பல விநாடி தாமதமாக வரும். அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரர் கேபிளில் பார்த்துவிட்டு 'ஆஆ' என்பார், உங்கள் போனில் இன்னும் இரண்டு சுற்று மிச்சமிருக்கும். அந்தக் கூச்சலின் தொனியிலேயே முடிவு தெரிந்துவிடும். முடிந்தவரை டீவியில் பாருங்கள், செய்தி அறிவிப்புகளை அணைத்து வையுங்கள். நீங்கள் கத்துவது பற்றி ஒரு வார்த்தை: மாடி இரைச்சல் இங்கே போலீஸ் வரை போகும் தகராறு. ஆனால் ஷார்ட் டிராக் இறுதி நேரத்தில் கத்தினால் யாரும் புகார் செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை. நாற்காலியைத் தரையில் இழுத்தால்தான் வருவார்கள்.

5. சாப்பாடு

கோழியும் பீரும். வேறு கேள்வியே இல்லை. பெரிய போட்டி நாளில் ஆரம்பிக்கும் நேரத்தில் ஆர்டர் செய்தால் முடியும் நேரத்தில்தான் வரும், ஒரு மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். 'பன்பன்' என்று கேட்டால் பாதி வெறும் வறுவல், பாதி காரச் சிவப்புச் சாறு தடவியது. கூடவே சின்ன டப்பாவில் இனிப்புப் புளிப்பு முள்ளங்கி. நம் நாக்குக்கு அந்தக் காரம் இனிக்கத்தான் செய்யும்.

சைவம் என்றால் முன்கூட்டியே திட்டமிடுங்கள். காரக் குழம்பில் அரிசி மாவுத் துண்டுகள் போட்ட தொக்பொக்கி சைவம் போலத் தெரியும், ஆனால் குழம்பில் நெத்திலி இருக்கும், மீன் கேக்கும் மிதக்கும். குளிர்காலத்தில் கவலை குறைவு: சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஜேஜு ஆரஞ்சு, மீன் வடிவத்தில் இருந்தாலும் உள்ளே இனிப்புப் பயறு மட்டுமே இருக்கும் புங்கொபாங். ஊரிலிருந்து வந்த முறுக்கோ நேந்திரம் சிப்ஸோ இருந்தால் எடுத்துப் போங்கள். பீருக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட நல்லது அவர்கள் கடையில் கிடையாது, டப்பா முதலில் காலியாவதும் அதுதான்.

குடிக்காதவர்கள் 'சைடா' என்று கேளுங்கள். இங்கே அது வெறும் எலுமிச்சை சோடா. பெரியவர் ஊற்றினால் கோப்பையை இரண்டு கையாலும் பிடியுங்கள், அவருக்கு நீங்கள் ஊற்றும்போதும் இரண்டு கை. யார் கோப்பையும் காலியாக நிற்கக் கூடாது, தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதும் வழக்கமில்லை. பந்தயம் நடக்கும்போது இந்த மரியாதையெல்லாம் கொஞ்சம் தளரும். விளம்பர இடைவேளையில் திரும்ப வந்துவிடும்.

6. என்ன கத்துவது, எப்போது

ஆரம்பிக்கும் முன் 'ஹ்வாய்த்திங்!', விடாதே என்பது போல. நாட்டுப் பெயர் கோஷம் 'தே-ஹான்-மின்-குக்', அதன் பின் ஐந்து கைதட்டு. 2002 கால்பந்து உலகக்கோப்பையில் நாடெங்கும் பரவியது. முந்தப் போகும் நேரத்தில் 'காஜா!', போவோம். 'அன்ச்சொக்!' என்றால் உள்பக்கம், 'பக்காச்சொக்!' வெளிப்பக்கம், இவை வீரருக்கான ஆலோசனைகள், நீங்களும் தாராளமாகச் சொல்லலாம்.

விழுந்தவருக்குச் சொல்வது 'க்வென்சானா!', பரவாயில்லை. அரங்கமே சேர்ந்து இதைச் சொல்லும். முடிந்தபின் 'சல்ஹேஸ்ஸொ', நன்றாகச் செய்தாய். வீரரின் பெயரைச் சொல்லும்போது பின்னால் 'சொன்சு' சேர்த்துச் சொன்னால் மரியாதை. வயதானவர்கள் 'மின்-ஜொங்-ஆ' என்று வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுவார்கள், அது அவர்கள் உரிமை. நீங்கள் பதறி 'ஐயோ' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவர்கள் 'ஐகோ' என்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

7. மற்ற விளையாட்டுகளில் எப்படி நடந்துகொள்வது

பனியில் கல்லைச் சறுக்கவிட்டு இலக்கில் நிறுத்தும் கர்லிங்கை விட்டுவிடாதீர்கள். இரண்டு அணி, எண்டு என்ற ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு எட்டுக் கல், பத்து எண்டு. மெதுவான ஆட்டம் என்பதால் மொழி கற்கவும் வசதி. 2018-இல் பூண்டுக்குப் பேர்போன உய்சொங் ஊர்ப் பெண்கள் அணி வெள்ளி வாங்கியது. கண்ணாடி போட்ட கேப்டன் கிம் உன்-ஜொங், கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கச் சொல்லிச் சக வீராங்கனையின் பெயரை 'யொங்-மி!' என்று விதவிதமாகக் கத்தியது நாட்டின் தாரக மந்திரமானது, வீடுகளில் மாப்பை வைத்துக் கொண்டு நடித்தார்கள். அரையிறுதியில் ஜப்பானைக் கூடுதல் எண்டில் 8-7 என்று வென்ற ஆட்டத்தைப் பார்க்காதவர் இல்லை.

ஜப்பானோடு என்றால் எந்த விளையாட்டும் இரண்டு மடங்கு சூடு. ஆனால் அதிலும் ஒரு விலக்கு. ஸ்பீடு ஸ்கேட்டிங் 500 மீட்டரில் 2010, 2014 இரண்டிலும் தங்கம் வாங்கிய லீ சாங்-ஹ்வா, 2018-இல் சொந்த மண்ணில் நாவோ கொதைராவிடம் தோற்று அழுதார். ஜெயித்த கொதைரா வந்து தோளில் சேர்த்துக்கொண்டார். நாலு வருடம் கழித்து பெய்ஜிங்கில் கொதைரா பின்தங்கியபோது, வர்ணனைப் பெட்டியில் இருந்த லீ அழுதார். இந்த ஒரு கதையை நீங்கள் எடுத்துப் பேசினால் வயது வித்தியாசமில்லாமல் எல்லாரும் உருகுவார்கள்.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இசை ஓடும்போது பேசாதீர்கள். தாவல் இறங்கியதும் கைதட்டு, அவ்வளவுதான். இங்குள்ள ரசிகர்கள் தாவலின் பெயரை இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

உங்களை ஒரு கேள்வி நிச்சயம் துரத்தும்: இந்தியாவில் குளிர்கால விளையாட்டு உண்டா? சிவ கேசவன் என்று சொல்லுங்கள். இமாச்சலத்துக்காரர், சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து இறங்கும் லூஜ் வீரர், 1998 முதல் ஆறு ஒலிம்பிக், கடைசியாக ஓடியது இதே பியோங்சாங்கில். தோற்றாலும் ஆறுமுறை வந்தவர் என்றால் கொரியர்களுக்கு உடனே மதிப்பு வரும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால், அங்கிருந்து பேச்சு சென்னை வெயிலுக்கும் சாம்பாருக்கும் தாவிவிடும்.

8. நேரில் போங்கள்

ஒலிம்பிக் நான்கு வருடத்துக்கு ஒருமுறை. ஆனால் ஷார்ட் டிராக் சர்வதேசப் போட்டிகள் அவ்வப்போது சியோலின் மொக்தொங் ஐஸ் ரிங்க்கில் நடக்கும். சுரங்க ரயில் ஐந்தாம் தடத்தில் ஓமொக்யோ நிலையத்தில் இறங்க வேண்டும். டிக்கெட் தளங்கள் பலவற்றில் உங்கள் பெயரில் உள்ள கொரிய போன் எண் இல்லாமல் உள்ளே போக முடியாது, அதனால் வந்த புதிதில் என்றால் ஒரு நண்பரை வாங்கச் சொல்லுங்கள். வசந்தத்தில் நடக்கும் தேசிய அணித் தேர்வுப் பந்தயங்களையும் கவனியுங்கள். ஒலிம்பிக்கில் ஜெயிப்பதைவிட இந்த அணிக்குள் நுழைவது கஷ்டம் என்று இவர்களே சொல்வார்கள், உலக சாம்பியன்கள் இங்கே தோற்று வெளியேறியதும் உண்டு.

கீழ் வரிசையில் உட்கார ஆசை வரும். வேகம் தெரியும், காற்று முகத்தில் அடிக்கும், ஆனால் யார் எங்கே முந்தினார் என்பது தெரியாது. பாதி உயரத்துக்கு மேல், வளைவின் தொடக்கத்துக்கு நேராக உட்காருங்கள். உள்ளே குளிர் காலிலிருந்து ஏறும். இரண்டு சாக்ஸ், உட்காரும் இடத்துக்கு ஒரு துணி, கடையில் கிடைக்கும் சூட்டுப் பொட்டலம் இரண்டு. பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

பியோங்சாங் போட்டிகளின் பனி அரங்குகள் மலையில் இல்லை, கிழக்குக் கடலோரம் கங்னுங்கில். ஷார்ட் டிராக்கும் ஃபிகர் ஸ்கேட்டிங்கும் ஒரே அரங்கத்தில் நடந்தன. சியோலிலிருந்து கேடிஎக்ஸ் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். ஸ்கீ ஜம்ப் கோபுரமும் சறுக்குப் பாதையும் இருக்கும் அல்பென்சியாவுக்கு என்றால் வழியில் ஜின்பு நிலையத்தில் இறங்க வேண்டும். கங்னுங்கில் போட்டி நாளன்று திரும்பும் ரயிலுக்கு முதலில் டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம் அரங்க டிக்கெட்டைப் பாருங்கள், கடைசி வண்டிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். மதியம் நேரமிருந்தால் சோதாங் பக்கம் போய்க் கடல்நீரில் உறையவைத்த தோஃபு சாப்பிடலாம். சிவப்புக் குழம்பில் சிப்பி இருக்கும், வெள்ளையாக வரும் வெறும் தோஃபுவைக் கேட்டு வாங்குங்கள்.